லெக் க்ளான்ஸில் யார் பார்க்கிறார்கள்?

திருப்பூரில் நான் எடுக்கும் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் பனியன் கம்பெனி அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள். மெர்ச்சண்டைசர்கள், சாம்பிளிங் பிரிவில் இருப்பவர்கள், ஷிப்பிங் டாக்குமென்ட் தயாரிப்பவர்கள். ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், ஆனால் பகல் முழுக்க ஆங்கிலத்தில்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள். வெளிநாட்டு பையருக்கு, அதாவது துணியை வாங்கும் கம்பெனிக்காரருக்கு மெயில், அவர் கேட்ட கேள்விக்குப் பதில், அந்தப் பதிலுக்கு வந்த சந்தேகத்துக்கு இன்னொரு பதில். வகுப்பில் வந்து உட்கார்ந்ததும் அன்றைக்கு வந்த ஏதாவது ஒரு மெயிலைப் போனில் திறந்து நீட்டுவார்கள். அப்படி நீட்டப்பட்ட ஒரு மெயில் வெகுநாளாக என் மனதை விட்டுப் போகவே இல்லை.

கொண்டுவந்தது வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத ஒரு பெண். குழந்தைகள் டி-ஷர்ட் ஒன்றின் ஃபிட் சாம்பிளுக்கு, அதாவது அளவு சரிபார்க்கத் தைத்த மாதிரிக்கு, பையரிடமிருந்து கமென்ட்ஸ் வந்திருக்கிறது. கழுத்து இறக்கம் அரை சென்டிமீட்டர் குறைய வேண்டும், ஆர்ம்ஹோல் இறுக்கமாக இருக்கிறது, கை நீளம் சைஸ் சார்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்று நீளமான பட்டியல். இவர் ஒவ்வொரு வரியாகப் படித்திருக்கிறார். பேட்டர்ன் மாஸ்டர் பக்கத்தில் நின்று திருத்தச் சொல்லியிருக்கிறார். தைத்து வந்ததைத் தானே டேப் வைத்து அளந்து பார்த்து, கூரியர் போன பிறகு பையருக்கு எழுதியிருக்கிறார்: ‘ஐ ஹேவ் க்ளான்ஸ்ட் யுவர் கமென்ட்ஸ் அண்ட் சென்ட் த ரிவைஸ்ட் சாம்பிள்.’ மறுநாள் பதில் வந்தது. ‘ப்ளீஸ் டோன்ட் க்ளான்ஸ். ப்ளீஸ் ரீட்.’ சிசியில் அவருடைய மேனேஜர்.

“நான் முழுசாப் படிச்சேனுங்க சார். ஒரு வரி விடலைங்க. அவங்க எதுக்கு இப்படிச் சொல்றாங்கன்னே புரியலைங்க” என்றார். குரல் தழுதழுத்தது. இரண்டு நாள் உழைப்பு ஒரு வினைச்சொல்லால் ஒன்றுமில்லாமல் போயிருந்தது. பையர் மீதும் குறை சொல்ல முடியாது. அவர் மொழியில் அந்த வாக்கியத்துக்கு ‘நீங்கள் சொன்னதை மேலாகப் பார்த்துவிட்டு ஏதோ அனுப்பிவைத்திருக்கிறேன்’ என்றுதான் பொருள்.

அந்தச் சொல்லை எங்கே பிடித்தார் என்று கேட்டேன். ‘லுக்’ சின்னப் பிள்ளைகள் எழுதுகிற சொல் மாதிரி இருந்ததாம். போனில் தேடியபோது ‘க்ளான்ஸ்’ வந்தது. தமிழில் ‘பார்வை’ என்று போட்டிருந்தது. ‘பார்வை’ என்பது ‘பார்’ என்பதைவிடக் கொஞ்சம் மரியாதையான சொல்தானே. ‘தங்கள் பார்வைக்கு’ என்று நாம் கடிதத்தில் எழுதுவதில்லையா? அவர் நடந்த பாதையில் ஒவ்வொரு அடியும் சரி. போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு.

கடிகாரம் காட்டாத வேறுபாடு

இந்தச் சொல்லுக்கு நம் பையடக்க அகராதிகள் தரும் பொருள் ‘கணநேரப் பார்வை’. ஆங்கில அகராதிகளும் சுருக்கமாக, சட்டென்று பார்த்தல் என்ற அளவில்தான் தொடங்குகின்றன. பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த பக்கத்தைப் புரட்டி ‘க்ளிம்ப்ஸ்’ என்ற சொல்லைப் பார்த்தால் அங்கேயும் கணநேரக் காட்சி. ‘பீக்’ என்று தேடினாலும் சட்டென்று பார்த்தல். மூன்றும் நேரத்தால் ஒன்று என்றால் மூன்று சொற்கள் எதற்கு? நேரத்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பது போதாது என்று எனக்கு எப்போதும் ஒரு உறுத்தல் உண்டு. இந்த மெயிலுக்குப் பிறகு அது கோபமாகவே மாறிவிட்டது. ஏனென்றால் அந்தப் பெண்ணுக்கு அகராதி முழுப்பொருளையே காட்டியிருந்தாலும், ‘கொஞ்ச நேரம் பார்த்தேன்’ என்று சொல்வதில் ஏன் ஒருவர் புண்பட வேண்டும் என்பது விளங்கியிருக்காது.

அன்றைக்கு வகுப்பில் இலக்கணத்திலிருந்து ஆரம்பித்தேன். க்ளான்ஸ் தானாக ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளாது. லுக் மாதிரியே அதற்கும் ‘அட்’ வேண்டும். ‘க்ளான்ஸ்ட் த கமென்ட்ஸ்’ என்று எழுதக்கூடாது, ‘க்ளான்ஸ்ட் அட் த கமென்ட்ஸ்’. தாள்களைப் புரட்டிப் பார்த்தால் ‘க்ளான்ஸ் த்ரூ’. வரிகளுக்கு மேலாகக் கண்ணை ஓட்டினால் ‘க்ளான்ஸ் ஓவர்’. அறையைச் சுற்றிப் பார்த்தால் ‘க்ளான்ஸ் அரவுண்ட்’. வேலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் ‘க்ளான்ஸ் அப்’. திரும்பிப் பார்த்தால் ‘க்ளான்ஸ் பேக்’. கரும்பலகையில் எழுதிக்கொண்டே போகும்போது எனக்கே ஒன்று தெரிந்தது. இவை எல்லாமே திசைகள். இந்தச் சொல் எவ்வளவு நேரம் என்பதைவிட எந்தப் பக்கம் என்பதைச் சொல்லத்தான் துடிக்கிறது.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு பையன், கட்டிங் பிரிவில் கணக்கு எழுதுபவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிரிக்கெட் ஆடுபவன், கையைத் தூக்கினான். “சார், அப்போ லெக் க்ளான்ஸ்ல யாருங்க சார் பாக்கறாங்க?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிறுவயதிலிருந்து வானொலியில், தொலைக்காட்சியில், தெருவில் கேட்டுப் பழகிய கிரிக்கெட் சொல். இரண்டும் ஒரே சொல் என்ற எண்ணமே வராமல் இத்தனை காலம் போயிருக்கிறது. லெக் க்ளான்ஸில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. பிறகு ஏன் அந்தப் பெயர்?

பட்டு விலகுதல்

அந்த அடியை ஆடுபவர்களுக்குத் தெரியும். பந்து லெக் ஸ்டம்ப் பக்கமாக, காலை நோக்கி வருகிறது. மட்டையை வீசுவதில்லை. பந்து வரும் வரை காத்திருந்து, மட்டை முகத்தைக் கடைசி நொடியில் மணிக்கட்டால் இலேசாகத் திருப்புகிறார்கள். பந்து மட்டையில் பட்டும் படாமலும் உரசி, தன் வேகத்திலேயே ஆடுபவருக்குப் பின்னால், ஃபைன் லெக் பக்கம் ஓடுகிறது. அடித்தவரின் பலம் அதில் ஏறக்குறைய இல்லை. இந்த அடியை ஒரு கலையாக்கியவர் என்று கிரிக்கெட் உலகம் ரஞ்சித்சிங்ஜியைச் சொல்கிறது. 1896இல் மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்து அணிக்காகத் தன் முதல் டெஸ்டை ஆடி 62, ஆட்டமிழக்காமல் 154 என்று எடுத்தவர். கேம்பிரிட்ஜில் பயிற்சி எடுத்த நாள்களில் வேகப்பந்துக்குப் பயந்து பின்வாங்காமல் இருக்க வலது காலைத் தரையோடு கட்டிவைத்து ஆடினார், அந்தக் கட்டுப்பாட்டிலிருந்துதான் இந்த அடி பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, அடியின் இயல்பை அது சரியாகச் சொல்கிறது. கால் அசையாது, உடம்பின் எடை பந்தின் மேல் விழாது, தொட்டுத் திருப்புவது மட்டும்.

சொல்லின் வரலாற்றைத் தேடிப் போனால் பையனின் கேள்விதான் சரியான கேள்வி என்று தெரிகிறது. ஆங்கிலத்தில் க்ளான்ஸ் பார்வைக்கு வருவதற்கு முன்பே ஆயுதத்துக்கு வந்துவிட்டது. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் அது வாளோ அம்போ நேராகப் பாயாமல் சாய்வாகப் பட்டு விலகிப் போவதைக் குறித்தது. கவசத்தில் பட்ட வாள் உள்ளே இறங்காமல் சறுக்கிப் போகும், அது. இன்றும் துப்பாக்கிக் குண்டு சுவரில் பட்டுத் தெறித்தால் ‘க்ளான்ஸ்ட் ஆஃப்’ என்றுதான் எழுதுகிறார்கள். இன்னும் பின்னால் போனால் பழைய பிரெஞ்சில் சறுக்குதல் என்ற வினை, அதற்கும் அடியில் ‘பனிக்கட்டி’. மலைகளில் உறைந்து கிடக்கும் பனியாற்றுக்கு நாம் புவியியல் பாடத்தில் படித்த ‘க்ளேசியர்’ இதே குடும்பம். கண்ணால் சட்டென்று பார்ப்பது என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் எழுத்தில் தென்படுகிறது. ஓரக்கண்ணால் பார்ப்பதைக் குறித்த வேறொரு பழைய சொல்லின் சாயலும் அதில் கலந்திருக்கிறது என்கிறார்கள்.

ஆக, கண் அங்கே வாளாகிறது. பார்வை ஒரு பொருளின் மேல் போய்ப் படுகிறது, உள்ளே இறங்கவில்லை, சாய்வாக விலகிப் போய்விடுகிறது. குளத்தங்கரையில் ஓட்டாஞ்சில்லை எடுத்துத் தண்ணீரின் மேல் சாய்த்து வீசினால் அது மூழ்காமல் தத்தித் தத்திப் போகுமே, அந்தத் தொடுகைதான் க்ளான்ஸ். குறுகிய நேரம் என்பது இதன் விளைவு மட்டுமே. பட்டதும் வழுக்குவதால் நேரம் குறைகிறது. வழுக்குதல்தான் சொல்லின் உயிர்.

இதைப் பலகையில் வரைந்து காட்டியதும் அந்தப் பெண்ணே சொன்னார்: “அப்போ அவங்க கமென்ட்ஸ் மேல என் கண்ணு வழுக்கிட்டுப் போச்சுன்னு எழுதியிருக்கேனுங்க.” ஆமாம், அதேதான். ஒருவர் நாள்கணக்கில் சாம்பிளை அளந்து எழுதி அனுப்பிய குறிப்புகள் என் மனதில் இறங்கவில்லை என்று எழுதினால் அவர் வேறு என்ன பதில் போடுவார்?

கண்ணின் செயல்பாடும் இதற்கு ஒத்துவருகிறது. நாம் கூர்மையாகப் பார்ப்பது விழித்திரையின் நடுவில் இருக்கும் ஒரு சின்னக் குழிப் பகுதியால். பார்வைப் பரப்பில் ஏறக்குறைய இரண்டு பாகை அகலம், கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு. மற்றதெல்லாம் மங்கல். அதனால்தான் கண் நொடிக்கு மூன்று நான்கு தடவை தாவித் தாவி நிற்கிறது. படிக்கும்போது ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் நொடி. 1996இல் பிரான்சில் சைமன் தோர்ப்பும் உடனிருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். புகைப்படங்களை வெறும் 20 மில்லி நொடி காட்டி, அதில் விலங்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். பார்த்தவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். மூளையின் மின் அலைகளில் 150 மில்லி நொடிக்குள் வேறுபாடு தெரிந்துவிட்டது. ஒரு க்ளான்ஸில் விலங்கு இருக்கிறது என்பது தெரியும். ஆனால் நீளமான ஒரு கமென்ட்ஸ் பட்டியலில் எத்தனை வரி, எந்த வரியில் அரை சென்டிமீட்டர், எந்த வரியில் ஒரு சென்டிமீட்டர் என்பது தெரியாது. ஏதோ அளவுகள் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் தெரியும். பையரின் பயம் அர்த்தமுள்ள பயம்.

கண்ணில் பட்டதும் கண்ணை விட்டதும்

இனி க்ளிம்ப்ஸ். இந்தச் சொல் இப்போது என் மாணவர்களுக்குப் புதிதல்ல. படம் வெளிவருவதற்கு முன் ‘ஃபர்ஸ்ட் க்ளிம்ப்ஸ்’ என்று யூடியூபில் போடுகிறார்கள். கொஞ்சம் நீளமாக ஒரு காட்சியையே போட்டால் ‘ஸ்னீக் பீக்’. க்ளிம்ப்ஸ் என்றால் சின்ன வீடியோ என்று வகுப்பில் ஒருவர் மிகுந்த நம்பிக்கையோடு சொன்னார். அது தவறான இடத்திலிருந்து வந்த சரியான தொடக்கம். அந்த வீடியோவில் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்வது பார்ப்பவர் இல்லை, காட்டுபவர். அதுதான் க்ளிம்ப்ஸின் குணம். இந்தச் சொல்லின் வேர் மங்கலான வெளிச்சம், மினுக்கம். க்ளிம்மர் என்ற சொல்லோடு உறவு. பொருள் மினுங்கி மறைகிறது, நமக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

திருமலைக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மணிக்கணக்கில் வரிசையில் நின்று, நகர்ந்து, கருவறை வாசலுக்கு எதிரே வரும்போது ‘ஜருகண்டி, ஜருகண்டி’ என்று தோளைத் தொட்டு நகர்த்திவிடுகிறார்கள். கண்ணை எடுக்க மனமில்லை, ஆனால் எடுத்துவிட்டார்கள். அங்கே நடந்ததை ஆங்கிலத்தில் க்ளான்ஸ் என்று எழுதினால் அபத்தம். யாரும் பெருமாள் மேல் கண்ணை வழுக்கவிட்டு வருவதில்லை. அது க்ளிம்ப்ஸ். ஆங்கில நாளிதழ்களில் திருவிழாச் செய்தி எதை எடுத்தாலும் பக்தர்கள் ‘கேட்ச் அ க்ளிம்ப்ஸ் ஆஃப்’ என்று தவம் கிடப்பதாக எழுதுவது இதனால்தான். கேட்ச் என்ற வினையைக் கவனியுங்கள். பறப்பதைப் பிடிப்பதுபோல எட்டிப் பிடிக்கிறார்கள். க்ளான்ஸோடு சேரும் வினைகள் வேறு: கேஸ்ட், த்ரோ, ஷூட், ஸ்டீல். எறிவது, வீசுவது, திருடுவது. க்ளான்ஸ் நம்மிடமிருந்து கிளம்புகிறது. க்ளிம்ப்ஸ் நம்மை வந்தடைகிறது. அதனால்தான் இலக்கணமும் மாறுகிறது. ‘ஐ க்ளிம்ப்ஸ்ட் ஹிம்’ என்றால் முழு வாக்கியம், ‘அட்’ தேவையில்லை. கண் எங்கும் போகவில்லை, போனால்தானே திசை வேண்டும்.

தமிழில் இந்த வேறுபாடு இல்லை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘பார்த்தேன்’ ஒன்று, ‘கண்ணில் பட்டது’ வேறொன்று. பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது பழைய நண்பன் ஒருவன் டீக்கடையில் நிற்கிறான், பேருந்து போய்விடுகிறது. ‘அவனைப் பார்த்தேன்’ என்று சொல்லலாம்தான். ஆனால் ‘அவன் கண்ணில் பட்டான்’ என்று சொன்னால் அந்தச் சம்பவத்தின் உருவமே வந்துவிடுகிறது. எழுவாய் அவன். கண் வெறும் இடம். அவன் வந்து அதில் பட்டான். க்ளிம்ப்ஸை இவ்வளவு சுத்தமாகச் சொல்ல ஆங்கிலத்துக்குத் தனிச்சொல் தேவைப்பட்டது, நாம் எழுவாயை மாற்றியே முடித்துவிட்டோம்.

க்ளான்ஸுக்குத்தான் நம்மிடம் ஒற்றை வினை இல்லை. நமக்கு இருப்பவை ஒவ்வொன்றும் வேறு ஏதோ சுமையோடு வருகின்றன. ‘கண்ணை ஓட்டினான்’ என்பது பக்கங்களுக்கும் கூட்டத்துக்கும் பொருந்தும், ஒரு முகத்துக்குப் பொருந்தாது. ‘நோட்டம் விட்டான்’ என்றால் ஏதோ உள்நோக்கம். ‘எட்டிப் பார்த்தான்’ என்றால் மறைப்பு ஒன்று இருக்க வேண்டும், அது பீக். ‘ஓரக்கண்ணால் பார்த்தாள்’ என்றால் உடனே கதை ஆரம்பித்துவிடும். கடைசியாக, ‘ஒரு பார்வை பார்த்தாள்’. மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் விழும் குழி இது. க்ளான்ஸுக்கு நேராக வைக்கத் தோன்றும், ஏனென்றால் ‘ஒரு’ இருக்கிறது, ‘பார்வை’ இருக்கிறது. ஆனால் அத்தை ஒருத்தி மருமகளை ‘ஒரு பார்வை பார்த்தாள்’ என்று எழுதினால், அது சமையலறை முழுக்க நிறைந்த பார்வை. அரை நொடிதான் இருந்திருக்கும், ஆனால் வழுக்கவில்லை, இறங்கிவிட்டது. நேரத்தை வைத்து இந்தச் சொற்களை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அப்படியானால் க்ளான்ஸ் தமிழுக்கு அந்நியமா என்றால் அதுவும் இல்லை. ‘கண்களவு கொள்ளும் சிறுநோக்கம் காமத்தில் செம்பாகம் அன்று பெரிது’ என்கிறது 1092ஆம் குறள். அவன் பார்க்காத நேரமாகப் பார்த்து அவள் திருடிக்கொள்ளும் சின்னஞ்சிறு நோக்கு, காதலில் சரிபாதி மட்டுமல்ல, அதைவிடப் பெரிது. ஜி. யு. போப் 1886இல் குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது இந்தச் சிறுநோக்கத்துக்கு எடுத்த சொல் க்ளான்ஸ்தான், திருட்டுத்தனமான என்ற பொருளில் ஃபர்ட்டிவ் என்ற அடையோடு. க்ளிம்ப்ஸ் என்று அவர் போடவில்லை, போடவும் முடியாது. அவள் கண்ணில் அவன் தற்செயலாகப் படவில்லை. அவள் கண்ணை அனுப்புகிறாள், அது அவனைத் தொட்டுவிட்டு, அவன் திரும்புவதற்குள் விலகிவிடுகிறது. லெக் க்ளான்ஸின் அந்தக் கடைசி நொடி மணிக்கட்டுத் திருப்பம் இங்கே இமையில் இருக்கிறது. வள்ளுவர் ‘சிறு’ என்ற அடையை மட்டும் நம்பியிருந்தால் நேரம் மட்டும்தான் கிடைத்திருக்கும். ‘களவு’ என்று சேர்த்ததால்தான் அசைவு கிடைத்தது.

பார்ப்பதும் வேலை பார்ப்பதும்

இவ்வளவு யோசித்த பிறகும் அந்தப் பெண் ஏன் அப்படி எழுதினார் என்பது எனக்குள் அடங்கவில்லை. போன் அகராதி மட்டும் காரணம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். நம் அலுவலகத் தமிழில் “மெயில் பாத்துட்டேங்க” என்று ஒருவர் சொன்னால் என்ன பொருள்? படித்தேன், புரிந்துகொண்டேன், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் அல்லது செய்துகொண்டிருக்கிறேன். மூன்றும் அதில் அடக்கம். தமிழ்ப் ‘பார்’ வெறும் கண்ணின் வேலையே அல்ல. வேலை பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், வைத்தியம் பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். பொறுப்பு முழுவதையும் சுமந்துகொண்டு நடக்கிற வினை அது. அதைத்தான் அவர் ஆங்கிலத்தில் சொல்ல விரும்பினார். பொறுப்பு நிறைந்த ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்கு மாற்றாகப் பொறுப்பே இல்லாத ஒரு சொல்லை வாங்கிக்கொண்டார். க்ளான்ஸ் ஒன்றின் மேல் பட்ட பிறகு பார்த்தவரிடம் எந்தக் கடமையையும் விட்டுவைப்பதில்லை. அவர் சொல்ல வேண்டியிருந்தது ‘ஐ ஹேவ் கான் த்ரூ யுவர் கமென்ட்ஸ்’, அல்லது பட்டவர்த்தனமாக ‘ரெட்’, இன்னும் உறுதியாக ‘கேர்ஃபுல்லி’ சேர்த்து.

பொறுப்பில்லாத பார்வை என்று சொன்னதும் அது கெட்ட சொல் என்று வகுப்பு முடிவுகட்டிவிடக்கூடாது என்பதற்காக வண்டி ஓட்டுவதைச் சொன்னேன். அங்கே க்ளான்ஸ்தான் ஒழுங்கு. பக்கக் கண்ணாடியை, வேகமானியை நாம் உற்றுப் பார்க்கக்கூடாது. தொட்டுவிட்டுச் சாலைக்குத் திரும்ப வேண்டும். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் கார்களுக்குள் இருக்கும் திரைகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டபோது க்ளான்ஸ் என்ற சொல்லையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. சாலையை விட்டுக் கண் விலகும் ஒவ்வொரு தடவையும் 2 நொடிக்குள், ஒரு வேலையை முடிக்க மொத்தமாக 12 நொடிக்குள் இருக்க வேண்டும் என்று. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி 2 நொடியில் ஏறக்குறைய 33 மீட்டர் ஓடிவிடும். கண் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கி வர வேண்டிய இடங்களும் உண்டு, அங்கே இந்தச் சொல் பாராட்டு.

மெயிலில் கூட அதற்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது, அதை அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொன்னேன். தன்னைப் பற்றிச் சொன்னால் அலட்சியமாகும் இதே சொல், அடுத்தவரிடம் கேட்கும்போது பணிவாகிவிடும். ‘குட் யூ க்ளான்ஸ் ஓவர் திஸ்?’ என்றால் உங்கள் நேரத்தை நான் அதிகம் கேட்கவில்லை, மேலாகப் பார்த்தால் போதும் என்ற மரியாதை. நாமும் “சும்மா ஒரு தடவை பாத்துருங்க சார்” என்று ஃபைலை நீட்டுவோம். அதே ‘சும்மா’வைத் தன் பக்கம் திருப்பி “சும்மா பாத்தேங்க” என்று மேனேஜரிடம் சொல்ல முடியுமா? இதைச் சொன்னதும் அவருக்கு உடனே பிடிபட்டது. ‘சும்மா’ அவருக்கு நன்றாகத் தெரிந்த சொல். யாரிடம் போடலாம், யாரிடம் போடக்கூடாது என்பது பிறந்ததிலிருந்து காதில் விழுந்தது.

அவர் பையருக்கு விளக்கம் எழுதினார். ஒவ்வொரு கமென்டையும் எடுத்து, அதற்கு நேராகத் திருத்திய அளவைப் போட்டு ஒரு அட்டவணை. தான் அவற்றை முழுமையாகப் படித்ததையும், சொல்லைத் தவறாகப் பயன்படுத்திவிட்டதையும் ஒரே வரியில் சொல்லியிருந்தார். பதில் நன்றாகவே வந்தது. அதோடு அடுத்த ஆர்டரின் அளவும் விவரமும் அடங்கிய டெக் பேக்கும் வந்தது, ‘ப்ளீஸ் க்ளான்ஸ் த்ரூ’ என்ற குறிப்போடு. என்ன செய்யட்டும் என்று கேட்டார். அவர்கள் பணிவாகச் சொல்கிறார்கள் அம்மா, நீங்கள் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள் என்றேன்.